கொடைவா சீமாட்டி கொடுத்த கோயில்

கொடைவா சீமாட்டியின் கதை நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் கவென்ட்ரி என்று ஓர் ஊர். அதன் பிரபு லியோஃப்ரிக். ஜனங்கள் மேல் அவர் பெரிய வரிச்சுமையை ஏற்றியிருந்தார். "பாவம், ஏழைகள்! வரியைக் குறையுங்கள்" என்று அவர் மனைவி கொடைவா நச்சரித்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் பிரபுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உடையில்லாமல் குதிரையேறிச் சந்தை வழியே போய் வா, குறைக்கிறேன்" என்றார். எந்தக் குலப்பெண் துணிவாள் என்று அவருக்கு எண்ணம். ஆனால் கொடைவா துணிந்துவிட்டாள். நீண்ட கூந்தலை அவிழ்த்து உடலெங்கும் போர்வையாகப் பரப்பிக்கொண்டு குதிரையில் போய் வந்தாள். வரி நீங்கியது.

இது கதை. அழகான கதைதான். ஆனால் சரித்திரக்காரர்களிடம் கொண்டு போனால் அவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். கொடைவா வாழ்ந்தது 11-ஆம் நூற்றாண்டு. இந்தச் சவாரியை முதன்முதலில் எழுதி வைத்தவர் ரோஜர் என்ற துறவி, 13-ஆம் நூற்றாண்டில். நடுவே நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஒருவரும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஜன்னல் இடுக்கு வழியே எட்டிப் பார்த்துக் கண்ணை இழந்ததாகச் சொல்லப்படும் தையற்காரன் டாம் இன்னும் பிற்காலத்துச் சரக்கு. அவன் 17-ஆம் நூற்றாண்டில்தான் கதைக்குள் நுழைந்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1086-ஆம் வருஷம் இங்கிலாந்து முழுவதற்கும் எடுத்த நிலக் கணக்கு ஒன்று இன்றும் பத்திரமாக இருக்கிறது. அதிலே கவென்ட்ரி லியோஃப்ரிக்கின் பெயரில் இல்லை. கொடைவாவின் பெயரில் இருக்கிறது! எழுபது குடும்பங்களுக்குக் கிட்டத்தட்ட, ஒரு மாவரைக்கும் ஆலை, கொஞ்சம் காடு, உழுநிலம். அவ்வளவுதான் ஊர். சொந்த நிலத்தின் வரியைக் குறைக்க அவள் எதற்குக் கணவனிடம் கெஞ்ச வேண்டும்? தானே ஓலை எழுதிக் குறைத்திருக்கலாமே!

சவாரி நடந்ததோ இல்லையோ, கொடைவா உண்மையாகவே செய்த ஒரு காரியம் இருக்கிறது. அதைத்தான் உலகம் மறந்துவிட்டது. அவளும் கணவரும் சேர்ந்து அந்தச் சின்ன ஊரிலே ஒரு துறவிகள் மடத்தையும் கோயிலையும் ஸ்தாபித்தார்கள். வருஷம் 1043 என்பது வழக்கு. அந்தக் கோயில் வளர்ந்து, இங்கிலாந்தின் பெரிய தேவாலயங்களில் ஒன்றாகி, ஐந்நூறு வருஷம் நிமிர்ந்து நின்று, பிறகு கல் மேல் கல் நில்லாமல் பெயர்த்து எறியப்பட்டது. அந்தக் கோயிலின் கதைதான் இது.

நகைப் பெட்டி திறந்தது

அவளுடைய சாக்ஸன் பெயர் காட்கிஃபு. 'கடவுளின் கொடை' என்று பொருள். அந்தப் பெயர் லத்தீன் எழுதிய துறவிகளின் கையில் தேய்ந்து கொடைவா ஆயிற்று. நம் காதுக்கு அதிலேயே 'கொடை' கேட்பது தற்செயல்தான் என்றாலும், இந்தப் பெண்மணிக்குப் பொருத்தமாகவே விழுந்திருக்கிறது.

கவென்ட்ரியில் முன்பே ஆஸ்பர்கா என்ற கன்னித்துறவியின் நினைவாக ஒரு கன்னியர் மடம் இருந்ததாகவும், 1016-ல் டேனியப் படை அதை அழித்ததாகவும் பரம்பரையாகச் சொல்கிறார்கள். அந்தப் புண்ணிய பூமியில்தான் புதிய மடம் எழுந்தது. பெனடிக்ட் என்ற மகானின் விதிகளைப் பின்பற்றும் துறவிகள் அதில் குடியேறினார்கள். கோயில் கன்னி மரியாளுக்கு அர்ப்பணமாயிற்று.

நிலத்தை லியோஃப்ரிக் கொடுத்திருக்கலாம், கொடைவாவும் கொடுத்திருக்கலாம். ஆனால் பொன்னைக் கொடுத்தவள் அவள்தான். அடுத்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் எழுதிய ஆர்டெரிக் என்ற துறவி சொல்கிறார்: தன்னிடமிருந்த பொன்னும் வெள்ளியும் முழுவதையும் கொடைவா கோயிலுக்கு அளித்தாள், பொற்கொல்லர்களை வரவழைத்து, அவற்றைச் சிலுவைகளாகவும் புனிதர்களின் உருவங்களாகவும் வேத நூலின் அட்டைகளாகவும் செய்யச் சொன்னாள். முழுவதையும்! ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த மாலையில் வளையலைக் கழற்றி வைக்கும்போது எண்ணிப் பாருங்கள், எளிய காரியமா இது?

அதே காலத்தவரான மாம்ஸ்பரி வில்லியம் என்ற சரித்திரக்காரர் இன்னும் ஒரு படி போகிறார். இந்தப் பொக்கிஷங்களைத் தாங்கச் சுவர்களே போதாதோ என்று தோன்றும்படி அங்கே பொன்னும் வெள்ளியும் நிறைந்திருந்ததாம். அவர் சொல்லும் ஒரு சின்னச் செய்திதான் எனக்கு எல்லாவற்றையும்விட மனத்தில் நிற்கிறது. கொடைவா நவமணிகளை நூலில் கோத்து ஒரு மாலை வைத்திருந்தாள். ஒவ்வொரு மணியாக விரலால் தள்ளித் தள்ளிப் பிரார்த்தனைகளை எண்ணுவாள், ஒன்றும் விட்டுப் போகக் கூடாதே என்று. நம் வீட்டுப் பாட்டிமார் ஜபமாலை உருட்டுவது போலத்தான். சாகும்போது, "இதை மாதாவின் கழுத்தில் போடுங்கள்" என்று சொல்லிக் கொடுத்தாளாம்.

1057-ல் லியோஃப்ரிக் இறந்தார். நார்மண்டி நாட்டு வில்லியம் இங்கிலாந்தை ஜயித்தது 1066-ல். அதையும் பார்த்துவிட்டுச் சிறிது காலத்தில் கொடைவாவும் கண்ணை மூடினாள். இருவரையும் கோயிலின் இரண்டு தாழ்வாரங்களில் அடக்கம் செய்ததாக மாம்ஸ்பரி வில்லியம் எழுதுகிறார்.

தேனைக் கண்ட பிஷப்

பொன் இருக்கும் இடத்துக்குப் புதிய உறவினர்கள் வருவது வழக்கம் அல்லவா? 1102-ல் ராபர்ட் தெ லிமெஸி என்ற பிஷப் தம் ஆசனத்தைச் செஸ்டர் நகரிலிருந்து கவென்ட்ரிக்கு மாற்றிக்கொண்டார். வந்த சூட்டோடு, கோயிலின் ஒரே ஓர் உத்தரத்திலிருந்து மட்டும் 500 மார்க் பெறுமானமுள்ள வெள்ளித் தகட்டைச் சுரண்டி எடுத்தாராம். கொடைவா பூட்டிய வெள்ளி!

இங்கே ஒரு சொல்லை விளக்கிவிட வேண்டும். 'கதீட்ரல்' என்றால் பெரிய சர்ச் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. பிஷப்பின் நாற்காலிக்கு 'கதீட்ரா' என்று பெயர். அந்த நாற்காலி எந்தக் கோயிலில் இருக்கிறதோ அது கதீட்ரல். இங்கிலாந்தில் சில கதீட்ரல்களை துறவிகள் நடத்தி வந்தார்கள். அங்கெல்லாம் மடாதிபதியின் ஸ்தானம் பிஷப்புக்குரியதாகிவிடும். மடத்தின் அன்றாட நிர்வாகத்தைப் பார்ப்பவருக்குப் 'பிரையர்' என்று பட்டம். ஆகவே அது மடமும் கதீட்ரலும் சேர்ந்த கோயில். கவென்ட்ரியின் புனித மரியாள் கோயில் அப்படிப்பட்டது.

ஆனால் கவென்ட்ரியின் பிஷப்புக்கு ஒரு விசித்திரமான ஜாதகம். லிச்ஃபீல்ட் என்ற ஊரிலும் அவருக்கு ஒரு கதீட்ரல் உண்டு. அங்கே துறவிகள் இல்லை, சாதாரணக் குருமார்கள். ஒரே பிஷப், இரண்டு நாற்காலி! இரண்டு அடுப்பு உள்ள வீட்டில் நடக்கும் கூத்தெல்லாம் நடந்தது. புதிய பிஷப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு என்று இரு ஊராரும் தலைமுறை தலைமுறையாக வழக்காடினார்கள். 1190-ஐ ஒட்டி ஹியூ தெ நோனன்ட் என்ற பிஷப் கவென்ட்ரித் துறவிகளை அடித்துத் துரத்தியே விட்டார். 1198-ல்தான் அவர்கள் திரும்பி வர முடிந்தது.

அதற்கும் முன்னால், 1140-களில், நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்த சமயம், ராபர்ட் மார்மியன் என்ற சீமான் துறவிகளை வெளியேற்றிவிட்டுக் கோயிலையே கோட்டையாக்கினான். எதிரியின் குதிரைகள் விழட்டும் என்று சுற்றிலும் பள்ளங்கள் வெட்டி வைத்தான். கடைசியில் சண்டையின்போது தானே தன் பள்ளம் ஒன்றில் விழுந்தான். எழுந்திருக்க முடியாமல் கிடந்தவனை ஒரு சாமானியச் சிப்பாய் வந்து தீர்த்துவிட்டான். இதைத் துறவிகள் எவ்வளவு திருப்தியோடு எழுதி வைத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரிவிலே நின்ற செம்மலை

இத்தனை சச்சரவுக்கும் நடுவே கோயில் உயர்ந்துகொண்டே வந்தது. நார்மானியருக்குச் சாக்ஸன் கட்டடங்கள் பிடிக்காது. எல்லாம் சிறியவை, பழையவை என்பார்கள். ஆகவே கொடைவா பார்த்த கோயிலை அகற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். முடிய நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. தொடங்கிய கொத்தனாரின் பேரனுக்குப் பேரன் முடித்திருப்பான்.

நீளம் சுமார் 425 அடி. நம் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஆறு பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவோ அவ்வளவு! மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம். பக்தர்கள் நிற்கும் நீண்ட கூடம் மேற்கே, பலிபீடம் கிழக்கே, குறுக்கே இரு கைகள். மேற்கு முகப்பில் இரண்டு கோபுரங்கள் பக்கத்துக்கு ஒன்றாக நின்றன. கல்லெல்லாம் அந்தப் பக்கத்துச் செம்மணற்கல். மழை பெய்து நனைந்தால் இன்னும் சிவக்கும். கனமான சுவர்களின் இரு முகங்களிலும் செதுக்கிய கல்லும், வயிற்றில் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் நிரப்பியிருந்தார்கள். இந்த 'வயிறு' பின்னால் முக்கியமாகப் போகிறது.

இடம் ஒரு குன்றுச் சரிவு. தெற்கே உயர்ந்து, வடக்கே ஷெர்போர்ன் என்ற சிற்றாற்றை நோக்கி இறங்குகிறது. குளிர் தேசத்துத் துறவிகள் சாதாரணமாகக் கோயிலுக்குத் தெற்கே தங்கள் முற்றத்தை அமைப்பார்கள், வெயில் விழட்டும் என்று. கவென்ட்ரியில் தெற்கே இடம் இல்லை. அங்கே ஊராரின் இடுகாடும் அவர்களுடைய சொந்தக் கோயில்களும் இருந்தன. ஆகவே பாவம், துறவிகள் வடக்கே, மாபெரும் சுவரின் நிழலிலேயே, குளிரில் விறைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். சரிவைச் சமன் செய்ய முதலில் கீழே வளைவுக் கூரையுள்ள கல்லறைகளைக் கட்டி - கல்லால் ஆன அறைகளைத்தான் சொல்கிறேன், பயப்பட வேண்டாம் - அவற்றின் மேல் போஜனசாலை முதலியவற்றை எழுப்பினார்கள். இந்தக் கீழறைகளில் சில பிழைத்திருக்கின்றன. மேலே இருந்தது போய்விட்டது. அடியில் இருந்தது நிற்கிறது.

முற்றத்தை ஒட்டித் துறவிகளின் சபா மண்டபம். தினமும் காலையில் அங்கே கூடி மடத்து விதிகளில் ஓர் அத்தியாயம் படிப்பார்கள். குற்றம் செய்தவர் எழுந்து ஒப்புக்கொள்வார். அந்த மண்டபத்தில் 1459-ல் துறவிகள் அல்லாத ஒரு கூட்டம் கூடியது. இங்கிலாந்தின் பார்லிமெண்டே அங்கே கூடிற்று! ஆறாம் ஹென்றியின் ராணி மார்கரெட்டுக்குக் கவென்ட்ரி மேல் பிரியம். லண்டனில் விரோதிகள் அதிகம் என்பதால் சபையை இங்கே வரவழைத்தார்கள். யார்க் பிரபுவையும் அவர் கட்சியினரையும் ராஜத் துரோகிகள் என்று தீர்த்து, அவர்கள் சொத்தையெல்லாம் பறிக்க அந்தச் சபை சட்டம் செய்தது. பறிகொடுத்தவர்கள் வைத்த பெயர் 'பேய்களின் பார்லிமெண்ட்'.

இதற்குள் கவென்ட்ரி எழுபது குடும்பத்துக் கிராமமாக இல்லை. கம்பளி, துணி, சாயம் போகாத நீல நூல் என்று வியாபாரம் கொழித்துப் பெரிய நகரமாகிவிட்டது. பணம் வந்தால் பக்தியும் பெருகுமே. துறவிகளின் கோயிலுக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்தில், ஊராருக்கென்று புனிதத் திரித்துவக் கோயில், புனித மைக்கேல் கோயில் என்று இரண்டு இருந்தன. அவற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கட்டினார்கள். மைக்கேல் கோயிலின் கோபுரத்தை வில்லியம், ஆடம் என்ற போட்டனர் குடும்பத்து வியாபாரிகள் கட்டினார்கள் என்றும், அதன் மேல் ஊசியாக உயர்ந்த சிகரத்தை ஆன், மேரி என்ற அந்தக் குடும்பத்துப் பெண்கள் கட்டினார்கள் என்றும் ஊர்ப் பாட்டு ஒன்று சொல்கிறது. உயரம் ஏறக்குறைய 300 அடி. பெண்கள் கட்டிய சிகரம் இன்றும் அசையாமல் நிற்கிறது.

ஒரே குன்றின் மேல், ஒரே சுற்றில், மூன்று பெரிய கோயில்கள். தூரத்திலிருந்து வருகிற யாத்திரிகனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! ஆனால் அந்தப் பெருமையிலேயே ஆபத்தும் ஒளிந்திருந்தது.

அரசன் கை வைத்தான்

எட்டாம் ஹென்றி ராஜாவின் விவாகப் படலம் உலகப் பிரசித்தம். முதல் மனைவியைத் தள்ளிவைக்கப் போப்பாண்டவர் சம்மதிக்கவில்லை. உடனே, "இனிமேல் இந்நாட்டுத் திருச்சபைக்கு நானே தலைவன்" என்றான் ஹென்றி. தலைவனான பிறகு மடங்களின் பொன்னும் பூமியும் கண்ணில் படாமல் இருக்குமா? 1536-ல் சிறிய மடங்களை மூடினான். பிறகு பெரியவற்றின் முறை. 1539 ஜனவரியில் கவென்ட்ரியின் கடைசிப் பிரையர் தாமஸ் காம்ஸ்வெல் மடத்தை ராஜாவின் ஆட்களிடம் ஒப்படைத்துக் கையெழுத்திட்டார்.

அப்போது பிஷப்பாக இருந்தவர் ரௌலண்ட் லீ. சாதாரணமானவர் அல்ல; ராஜாவின் அந்தரங்கத்துக்குரியவர். 1533-ல் ஹென்றிக்கும் ஆன் போலினுக்கும் ரகசியமாகத் திருமணம் செய்து வைத்தவர் இவர்தான் என்று சொல்வார்கள். எந்தத் திருமணத்துக்காக இத்தனை கலகமும் மூண்டதோ, அதே திருமணத்தின் புரோகிதர்! இப்போது தம் கோயிலுக்கே உலை வந்ததும், மந்திரி தாமஸ் கிராம்வெல்லுக்கு அவர் கடிதம் எழுதினார். "இது என் தலைமைக் கோயில், என் பிரதான ஆசனம். இடிக்க வேண்டாம். துறவிகள் வேண்டாமென்றால் லிச்ஃபீல்டைப் போலக் குருமார்களை வைத்தாவது நடத்தலாமே" என்ற கருத்தில் மன்றாடினார். நகரத்தின் தலைவர்களும் முறையிட்டார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

ஏன் பலிக்கவில்லை? இங்கேதான் விதியின் விளையாட்டு. இங்கிலாந்தில் துறவிகள் நடத்திய கதீட்ரல்கள் பத்து. கான்டர்பரி, டர்ஹாம், வின்செஸ்டர், ஈலி முதலிய எட்டிலிருந்து ஹென்றி துறவிகளை வெளியேற்றினானே தவிர, கோயில்களை விட்டுவைத்தான். பிஷப்புக்கு நாற்காலி போட வேறு இடம் இல்லை. மீதி இரண்டு, பாத்தும் கவென்ட்ரியும். இந்த இரண்டு பிஷப்புகளுக்கும்தான் வேறு ஊரிலும் ஒரு நாற்காலி இருந்ததே! பாத் கோயில் பின்னால் ஊராரின் சர்ச்சாகிப் பிழைத்துக்கொண்டது. கவென்ட்ரி ஊராருக்கு இன்னொரு சர்ச் எதற்கு? வாசலிலேயே இரண்டு இருக்கின்றன. டூக்ஸ்பரி என்ற ஊரில் ஜனங்கள் 453 பவுன் கொடுத்துத் தங்கள் மடத்துக் கோயிலை ராஜாவிடமிருந்து விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார்கள். கவென்ட்ரியிலோ அப்போது வியாபாரம் படுத்திருந்தது. லிச்ஃபீல்டில் ஒரு நாற்காலி, பக்கத்தில் இரண்டு சர்ச் - இவையே கொடைவாவின் கோயிலுக்கு யமனாக வந்து சேர்ந்தன. ஹென்றியின் காலத்தில் இடித்துத் தள்ளப்பட்ட கதீட்ரல் இங்கிலாந்திலேயே இது ஒன்றுதான்.

அந்நாளில் ஒரு கோயிலை அழிப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ராஜாவின் ஆட்கள் வந்து பொன், வெள்ளி, மணிகளுக்கு ஜாபிதா எழுதுவார்கள். புனிதை ஆஸ்பர்காவின் தலையைத் தாமிரப் பேழையில் வைத்துப் பொன் முலாம் பூசியிருந்ததாக அப்போது எழுதிய ஜாபிதாவிலே இருக்கிறது. அடுத்தபடி கூரை. கூரையில் வேய்ந்திருப்பது ஈயம்; நல்ல விலை போகும். அதைப் பிய்த்து உருக்கிக் கட்டிகளாக வார்ப்பார்கள். உருக்குவதற்கு விறகு, அந்தக் கூரையின் மரமே! ஈயம் போனபின் மழை உள்ளே பெய்யும். மிச்சத்தை மழையும் அக்கம்பக்கத்தாரும் பார்த்துக்கொள்வார்கள். செதுக்கிய கல்லை வண்டி வண்டியாக வாங்கிப் போனார்கள். யாருக்கும் உதவாதது சுவரின் வயிற்றிலிருந்த உடைகல்லும் சாந்தும்தான். அது விழுந்த இடத்திலேயே மேடிட்டது. இடம் கை மாறிக் கை மாறிப் போயிற்று. மேட்டின் மேல் வீடும் தோட்டமும் வந்தன. உடைகல் மேடுதான் பிற்காலத்துக்குக் கொஞ்சமாவது அடிச்சுவரைப் போர்த்திக் காத்து வைத்தது.

பள்ளிக்கூடத்தின் அடியில்

கவென்ட்ரியில் ஏழைப் பெண்குழந்தைகளுக்காக ஒரு தரும பள்ளிக்கூடம் இருந்தது. நீலச் சட்டைப் பள்ளிக்கூடம் என்று பெயர். 1856-ல் அதற்குப் புதுக் கட்டடம் கட்டப் பழைய வீடுகளைத் தள்ளித் தோண்டினார்கள். கடப்பாறை நங்கென்று நின்றது. மண்ணை அகற்றினால், தூண்களும் வாசல் அடியுமாகக் கோயிலின் மேற்கு முகப்பு! வடமேற்குக் கோபுரத்தின் அடிப்பாகம் அப்படியே இருந்தது. அதன் மேலேயே பள்ளிக்கூடத்தைக் கட்டிவிட்டார்கள். கொடைவாவின் கோயில் அஸ்திவாரத்தின் மேல் ஏழைச் சிறுமிகள் உட்கார்ந்து பாடம் படித்தார்கள் என்பது எனக்கென்னவோ சந்தோஷமாகவே இருக்கிறது.

அதன் பின் கவென்ட்ரியின் கதை வேகமாக ஓடுகிறது. 1918-ல் மறுபடி தனிப் பிஷப் வந்தார். நாற்காலி போட வேண்டுமே! போட்டனர் குடும்பத்தாரின் மைக்கேல் கோயில் கதீட்ரலாயிற்று. இருபத்திரண்டே வருஷம். 1940 நவம்பர் 14, நல்ல நிலா இரவு. ஜெர்மன் விமானங்கள் வந்து பதினோரு மணி நேரம் குண்டு பொழிந்தன. 500-க்கும் மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். கோயில் தலைமைக் குரு ஹோவர்டும் வேறு மூவரும் கூரை மேல் நின்று, விழ விழத் தீக்குண்டுகளை மணல் போட்டு அணைத்தார்கள். ஓர் எல்லைக்கு மேல் முடியவில்லை. விடிந்தபோது சுற்றுச் சுவர்களும், அந்தப் பெண்கள் கட்டிய சிகரமுந்தான் மிஞ்சின. சாம்பலில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த இரண்டு கருகிய உத்தரங்களை எடுத்து, கோயிலின் கல்தச்சர் சிலுவையாகக் கட்டி நிறுத்தினார்.

போர் முடிந்து புதுக் கதீட்ரலுக்கு வரைபடம் கேட்டபோது 219 பேர் அனுப்பினார்கள். 1951-ல் வென்றவர் பேசில் ஸ்பென்ஸ். எரிந்த கோயிலை இடிக்காமல் அப்படியே வைத்து, அதை ஒட்டியே புதியதைக் கட்டினார். 1962 மே 25-ல் அது பிரதிஷ்டையாயிற்று. ஒருமுறை இடித்ததற்கு ஊர் இப்படிப் பிராயச்சித்தம் செய்துகொண்டதோ என்று தோன்றுகிறது. ஆக, ஒரே குன்றில் கவென்ட்ரிக்கு மூன்று கதீட்ரல்கள்: அரசன் இடித்தது, குண்டு எரித்தது, இன்று ஜபம் நடப்பது.

முதலாவதைத் தேடும் வேலை 1960-களில் கொஞ்சம் நடந்தது. 1999 முதல் முறையாக நடந்தது. நகரின் நடுப்பகுதியைப் புதுப்பிக்க எடுத்த பெரிய திட்டத்தோடு ஆராய்ச்சியாளர்களும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். தெருமட்டத்துக்கு வெகு கீழே நீண்ட கூடத்தின் தரை அகப்பட்டது. தூண்களின் அடிகள், வர்ணக் கண்ணாடித் துண்டுகள், தரை ஓடுகள், செதுக்கிய கற்கள் வந்தன. சபா மண்டபம் இருந்த இடத்திலிருந்து வந்த ஒரு கல்தான் எல்லாரையும் வாயடைக்க வைத்தது. அதன் மேல் சித்திரம்! பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் காட்சிகளை 14-ஆம் நூற்றாண்டில் மண்டபத்துச் சுவர் முழுவதும் தீட்டியிருந்தார்கள் போலிருக்கிறது. அதில் ஒரு துணுக்கு. நிறம் மங்காத முகங்கள். துறவிகள் காலையில் அத்தியாயம் கேட்டபோதும், பேய்களின் பார்லிமெண்ட் கூடியபோதும் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கண்கள், நானூற்று அறுபது வருஷம் மண்ணுக்குள் கிடந்துவிட்டு மறுபடி வெளிச்சத்தைப் பார்த்தன.

தோண்டிய இடத்தை மூடிவிடவில்லை. பள்ளத்தையே ஒரு தோட்டமாக்கி, செங்கல் நிற அடிச்சுவர்களை வெளியே தெரியும்படி வைத்திருக்கிறார்கள்.

கவென்ட்ரிக்குப் போகிறவர்கள் பிராட்கேட் என்ற நடுச் சதுக்கத்தில் கொடைவாவின் வெண்கலச் சிலையைக் காணத் தவறுவதில்லை. 1949-ல் திறந்த சிலை. வில்லியம் ரீட் டிக் என்ற சிற்பி செய்தது. குதிரை மேல், நீண்ட கூந்தலோடு, தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். எல்லாரும் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து திரித்துவக் கோயிலைத் தாண்டிப் பிரையரி ரோ என்ற சின்னத் தெருவுக்கு நடந்தால் ஐந்து நிமிஷம்கூட ஆகாது. தெருவின் ஓரத்தில் பள்ளம் தெரியும். படியிறங்கிப் போகலாம்.